தேர் ஓடும் நிலவில் ஒரு சிவப்பு விளக்கு

மாத்தளை மாவட்டத்து நாவுலயில் திரும்பி எலஹெர வீதியில் போனால் மொரகஹகந்த அணை. அங்கே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். ஒரு தை மாதக் கடைசியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். சீனத் தொழிலாளர் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளில் ஒன்றின் கதவில், மூலை மேலே வரும்படி ஒட்டிய ஒரு சதுரச் சிவப்புத் தாள். அதில் பொன்னிறத்தில் ஒற்றை எழுத்து. பக்கத்துச் சுவரிலும் அதே எழுத்து. ஆனால் வேறு மாதிரி நின்றது. என்னை ஏற்றிப்போன ஓட்டோத் தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, கதவுல தலைகீழா ஒட்டிட்டாங்க. படிக்கத் தெரியாதவன் வேலை."

நானும் சேர்ந்து சிரித்தேன். அறியாமையில் சிரித்திருக்கிறோம் என்பது பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. அந்த எழுத்து ‘ஃபூ’. நற்பேறு என்று பொருள். சீன மொழியில் ‘தலைகீழ்’ என்பதற்கும் ‘வந்து சேர்ந்தது’ என்பதற்கும் ஒரே ஒலி, ‘தாவ்’. வீட்டுக்கு வருகிற யாராவது ‘ஐயையோ, ஃபூ தலைகீழாக இருக்கிறதே’ என்றால், ‘நற்பேறு வந்துவிட்டது’ என்று அவர் வாயாலேயே வாழ்த்தியதாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைப் பிறர் வாயிலிருந்து பிடுங்கத்தான் தாளையே தலைகீழாக ஒட்டுகிறார்கள். எங்கள் ஓட்டோத் தம்பி தமிழில் சொன்னது கணக்கில் சேருமோ என்னவோ.

அம்பன் கங்கையை மறித்துச் சீனாவின் சைனோஹைட்ரோ நிறுவனம் கட்டிய அந்த அணை 2018இல் திறக்கப்பட்டது. அணையைப் பற்றியும் கடனைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். கட்டியவர்கள் யாரைக் கும்பிட்டார்கள், எந்த நாளில் எதைச் சமைத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. சீனப் பெருநாள் என்றால் நமக்குக் கொழும்பு ஹோட்டல் வாசலில் ஆடும் சிங்கம்; சிகிரியாப் படிக்கட்டில் குடையும் தொப்பியுமாக ஏறும் வரிசை. 2016இல் மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான சீனர் இந்த நாட்டுக்குச் சுற்றுலா வந்தார்கள். வந்தவர்களைப் படம் பிடித்தோம், இளநீர் விற்றோம். அவர்களுடைய பண்டிகையோ அடுப்படியிலும் வாசற்படியிலும் கல்லறையிலும் நடக்கிறது. மாத்தளைக்காரர் ஒருவருக்கு அதைப் புரிந்துகொள்ள அகராதி அதிகம் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

சுவர்க் கலண்டரில் சீனா

சீன மாதம் அமாவாசையில் பிறக்கிறது. ஆகவே 15ஆம் நாள் பூரணை. மாதாமாதம் போயாவுக்கு விடுமுறை விடும் நாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிய கணக்கு வேறில்லை. நம் கலண்டரில் போயா விழும் நாள், ஒரு நாள் முன்பின், அவர்களுக்குப் பதினைந்து. அவர்களின் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வரும் அமாவாசை. பல வருடங்களில் அது நம் தை அமாவாசையோடு உரசிக்கொண்டு வரும். 2024இல் தை அமாவாசை பெப்ரவரி 9, சீனப் புத்தாண்டு மறுநாள். 2025இல் இரண்டுமே ஜனவரி 29. நாம் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அன்று அவர்களும் முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தான் பண்டிகைக்கு உட்காருகிறார்கள்.

புத்தாண்டின் 15ஆம் நாள் விளக்குத் திருவிழா. 2024இல் அது பெப்ரவரி 24. நமக்கு மாசி மகம். மாத்தளையில் மாசி மகம் என்றால் என்னவென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும். கண்டி வீதி வாகனங்களை மறந்துவிடும். 108 அடி ராஜகோபுரத்தில் 1008 சிற்பங்கள் நின்று பார்க்கும். 1983 ஜூலையில் எரிந்த கோவில் இது. மறுபடி எழுந்த கோவிலும் இதுதான். அம்மனைக் கும்பிட வருகிறவர்களில் சிங்களவரும் உண்டு. தேர் நிலைக்குத் திரும்பும்போது கோபுரத்துக்கு மேலே நிற்கிற நிலவு, சீனாவில் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே ஏறியிருக்கும். அதன் கீழே தெருத்தெருவாகச் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கும். விளக்கின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் விடுகதை. விடை தெரிந்தவர் சீட்டைக் கிழித்துக்கொண்டு போய்ப் பரிசு கேட்கலாம்.

அன்று தின்பது ‘தாங்யுவான்’. பசையரிசி மாவைப் பிசைந்து, நடுவில் எள்ளும் சீனியும் வைத்து உருட்டி, கொதிநீரில் போட்டு, மிதந்து வந்ததும் அந்த நீரோடு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். கொழுக்கட்டைக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவிக்குப் பதில் தண்ணீரில் வெந்தவள். ‘துவான்யுவான்’ என்றால் குடும்பம் ஒன்றுகூடுதல். பெயர் காதில் ஒட்டி விழுகிறது, உருவமும் வட்டம், அதனால்தான் உருண்டை.

எல்லா வருடமும் இரண்டு நிலவும் இப்படிப் பொருந்திவிடாது. சீனர் 19 வருடத்துக்குள் 7 அதிக மாதங்களைச் செருகி நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். நம் மாசி சூரியனோடு நிற்கிறது. 2023இல் அவர்களின் விளக்கு பெப்ரவரி 5இல் வந்தது. நம் மகம் மார்ச்சில்தான் வந்தது.

அடுப்படிச் சாமிக்கு லஞ்சம்

சீனப் பண்டிகைக் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது அடுப்படிச் சாமி. அடுப்புக்கு மேலே சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கும், வருடம் முழுக்கப் புகையில் கறுத்துப்போய். அவருக்கு வேலை ஒன்றுதான்: அந்த வீட்டில் யார் யாரைத் திட்டினார், யார் ஒளித்துத் தின்றார் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது. பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் (தெற்கே 24) அவர் வானுலகுக்குப் போய் அறிக்கை கொடுக்க வேண்டும். புறப்படுமுன் வீட்டார் ஒட்டும் பதமான மாப்பாகு மிட்டாயை அவர் உதட்டில் தடவுகிறார்கள். இனிப்பு தின்ற வாய் நல்லதையே சொல்லும் என்பது ஒரு விளக்கம். வாய் ஒட்டிக்கொண்டால் ஒன்றுமே சொல்ல முடியாது என்பது இன்னொன்று. பிறகு படத்தை எரித்து அனுப்பிவிட்டு, வருடம் முடியும் இரவில் புதுப்படம் ஒட்டி வரவேற்பார்கள். ஓலையும் முத்திரையும் இல்லாமல் எதுவும் நகராத பேரரசில் வாழ்ந்த மக்கள், வானத்தையும் ஒரு கச்சேரியாகத்தான் கற்பனை செய்திருக்கிறார்கள்.

சாமியை அனுப்பியதும் வீடு துப்பரவாக்கும் படலம். மூலை முடுக்கெல்லாம் ஒட்டடை அடிப்பார்கள், நம் போகி போல. ஆனால் புத்தாண்டு முதல் நாளில் துடைப்பத்தைத் தொடக் கூடாது; வந்திருக்கும் நற்பேற்றைக் கூட்டி வெளியே தள்ளியதாகும். ‘விளக்கு வச்ச பிறகு கூட்டாதே, லட்சுமி போயிருவா’ என்று லயத்து வாசலில் பாட்டி போட்ட சத்தம் காதில் விழுகிறதா?

மற்ற வழக்கங்களில் பெரும்பாதி சிலேடைதான். புத்தாண்டு விருந்தில் முழு மீன் இருக்க வேண்டும். மீனும் மிச்சமும் ஒரே ஒலி, ‘யூ’. அதனால் மீனை முழுதும் தின்று தீர்க்காமல் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். ‘நியென்காவ்’ என்ற பசையரிசிப் பலகாரத்தைத் தின்றால் வருடத்துக்கு வருடம் உயர்வு, பெயர் அப்படிக் கேட்பதால். நாலு என்ற எண் சாவுபோல ஒலிப்பதால் ஆகாது. கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தால் முடிந்தது கதை. ‘கடிகாரம் கொடுப்பது’ என்ற சொல் ‘இறுதிக் கடன் செய்வது’ என்றும் காதில் விழும். நாம் நட்சத்திரத்தில் தேடுவதை அவர்கள் ஒலியில் தேடுகிறார்கள். காளமேகத்தைப் பெற்ற மொழிக்காரர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன் கொஞ்சம் ரசிக்கலாம்.

சித்திரை முதல் நாள் கைவிசேஷம் கொடுக்கிறோமே, அவர்களுக்கும் அது உண்டு. வெற்றிலையில் வைக்காமல் சிவப்பு உறையில் போட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ‘ஹொங்பாவ்’. உறை வருவதற்கு முன் துளையிட்ட காசுகளைச் சிவப்பு நூலில் கோத்துக் கொடுத்தார்கள். இரவில் பிள்ளையை அண்டும் கெட்டதை அந்தக் காசு அமுக்கி வைக்கும் என்று நம்பினார்கள். ஓரிடத்தில் மட்டும் நாமும் அவர்களும் எதிரெதிர். நாம் மொய்க்கு 100 எழுதினால் கூட ஒன்று சேர்த்து 101 ஆக்குவோம், கணக்கு அதோடு முடிந்துவிடக் கூடாது என்று. அவர்களுக்கு நல்ல காரியத்தில் ஒற்றைப்படை ஆகாது, நல்லது சோடியாக வரவேண்டும். ஒற்றைப்படைப் பணம் சாவு வீட்டுக்கு, வெள்ளை உறையில்.

வெடிக்குச் சாட்சி நம் நாக்கிலேயே இருக்கிறது. தீபாவளிக்குக் கொளுத்துவதை இந்த நாட்டில் சீனவெடி என்றுதானே சொல்கிறோம். மருந்து கண்டுபிடிப்பதற்கு முன் அவர்கள் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டார்கள். கணுவுக்குள் அடைபட்ட காற்று வெடிக்கும் சத்தத்தில் பேய் ஓடும். மருந்து வந்து ஆயிரம் வருடமான பிறகும் சீன மொழியில் வெடிக்குப் பெயர் ‘வெடிக்கும் மூங்கில்’.

வீட்டுக்குப் போகும் பஸ்

புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பம் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இந்த ஒரு சாப்பாட்டுக்காகச் சீனா முழுவதும் இடம்பெயர்கிறது. பண்டிகையைச் சுற்றிய 40 நாளில் 2025இல் சுமார் 900 கோடிப் பயணங்கள் என்று அந்நாட்டு அரசு கணக்குச் சொன்னது. ஒரே ஆள் போய் வருவது, சொந்தக் காரில் போவது எல்லாம் அதில் அடக்கம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ சீனப் புத்தாண்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் கிடக்கட்டும். தீபாவளிக்கு முந்திய இரவு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் மாத்தளை பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்கு அந்த 900 கோடி புரியும். ரத்தோட்டைப் பக்கத்துப் பெடியன், கொழும்பில் கடை வேலை, ஒரு கையில் தங்கைக்கு எடுத்த சட்டை, மறு கையில் கேக் பெட்டி, ஆசனம் இல்லை, கண்டி வரை ஒற்றைக் காலில்.

அணையில் வேலை செய்தவர்கள் எல்லோராலும் பண்டிகைக்கு ஊர் திரும்ப முடிந்திருக்காது. தகரக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டியவர் போகாமல் நின்றவராகத்தான் இருக்க வேண்டும். இதே வேதனைக்கு இந்த நாட்டில் 1600 வருடத்துச் சாட்சி ஒருவர் இருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து இரண்டு வருடம் தங்கிய துறவி ஃபாஹியான். அநுராதபுரத்து அபயகிரியில் பச்சைக்கல் புத்தர் சிலையின் முன்னால் வணிகர் ஒருவர் வைத்த காணிக்கையைப் பார்த்தார். தன் நாட்டு வெண்பட்டு விசிறி. ஊரைவிட்டு வந்து பல வருடமாகியிருந்தது. கண்ணீர் தானாக வந்தது என்று தன் பயணக் குறிப்பில் எழுதிவைத்தார். அவர் எழுதிய மற்றதெல்லாம் வரலாற்றாசிரியர்களுக்கு, அந்த விசிறி நமக்கு.

இன்னொரு காணிக்கைக் கணக்கு கல்லிலேயே இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நட்ட கல். 1911இல் காலியில் கிடைத்து, இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. சீன மொழிப் பகுதியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. பாரசீகப் பகுதி முஸ்லிம்களுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கடவுள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டியல். கொடுப்பதில் ஆள் பார்க்கவில்லை.

பிறகு வந்த சீனர் தளபதிகள் அல்லர். துணிமூட்டையோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், சிறு நகரங்களில் பல் கட்டும் கடை வைத்தவர்கள். இங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தும் அவர்களில் பலருக்கு எந்த நாட்டுப் பிரசையும் இல்லை என்ற நிலை. 1948இல் குடியுரிமையை இழந்த தோட்டத்து மக்களுக்கு அந்த நிலையை விளக்க வேண்டியதில்லை. இந்திய வம்சாவளியினருக்கான கடைசிப் பெரிய சட்டம் 2003இல் வந்தது. சீன வம்சாவளியினருக்கு 2008இல். நம் கதையின் ஒரு சிறு நகல் இந்தத் தீவிலேயே சீன மொழியில் இருந்திருக்கிறது.

வசம்பும் வேப்பிலையும்

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ‘துவான்வு’. படகுப் போட்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், முன்னால் நாகத் தலை. கி.மு. 278இல் மிலுவோ ஆற்றில் பாய்ந்து உயிர்விட்ட கவி ச்சூ யுவானைத் தேடிப் படகு விட்டதன் நினைவு என்பது கதை. அவர் உடலை மீன் தின்னாதிருக்க ஆற்றில் எறிந்த சோற்றுப் பொதிதான், இலையில் மடித்து அவிக்கும் ‘சோங்சி’ என்பார்கள்.

எனக்கு அந்த நாளின் வாசற்படிதான் முக்கியம். கோடை ஏறும் அந்த மாதத்தை நச்சு மாதம் என்பார்கள். பாம்பு, தேள், பூரான் எல்லாம் வெளியே வரும், காய்ச்சல் வரும். அதற்குக் காவலாகக் கதவில் இரண்டு செடிகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒன்று நம் மருக்கொழுந்துக்கு நெருங்கிய உறவான ஒரு செடி. மற்றது வாள்போல நீண்ட இலை கொண்டது. அந்த இலையால் பேயை வெட்டலாமாம். அது என்ன செடி என்று தேடிப் பார்த்தபோது ஆச்சரியப்பட்டேன். வசம்பு. நம் வீடுகளில் பேர் சொல்லக் கூடாது என்று ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று சுற்றிவளைத்துச் சொல்வோமே, சுட்டுக் கரியாக்கிப் பிள்ளைக்கு உரசிக் கொடுப்போமே, துண்டு போட்டுக் கையில் கட்டுவோமே, அதே வசம்பு. அவர்களுக்கு இலை, நமக்குக் கிழங்கு. அன்றைக்குப் பிள்ளைகளின் மணிக்கட்டில் அவர்கள் ஐந்து நிற நூலும் கட்டுகிறார்கள். மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, வாசலில் வேப்பிலை செருகி, அம்மை வராமல் காக்கச் சொல்லி மாரியிடம் நிற்கிற ஊர் இதைப் பார்த்து என்ன அந்நியம் கொண்டாட முடியும்?

மாரி என்றால் மழை. சீன நாகமும் மழைக்கு அதிபதி, நெருப்புக் கக்கும் அரக்கன் அல்ல. இரண்டு ஊரும் தத்தம் தெய்வத்திடம் ஒரே மூச்சில் மழையையும் கேட்டிருக்கின்றன, மழையோடு வரும் நோயைத் தள்ளிவைக்கவும் கேட்டிருக்கின்றன. இடையில் ஒன்று: அந்த மருக்கொழுந்துக் குடும்பத்தின் இன்னொரு செடியிலிருந்துதான் மலேரியாவுக்கு மருந்து பிரித்தெடுத்து, சீன விஞ்ஞானி தூ யூயூ 2015இல் நோபல் பரிசு வாங்கினார். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்தது, சீனாவை 2021இல். தம்புள்ளைப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் குளிர்காய்ச்சல் காலத்தைக் கேட்டுப் பாருங்கள், கதவில் செடி கட்டியவர்களைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எட்டாம் மாதப் பூரணையில் நிலாப் பணியாரம். அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் முயலை மட்டும் சொல்கிறேன். நிலவில் நம் பாட்டி வடை சுடுகிறாள், சிங்களப் பிள்ளைக்கு அங்கே முயல், சீனப் பிள்ளைக்கும் முயல், ஆனால் அது உரலில் மருந்து இடிக்கிறது. 2013 டிசம்பரில் சீனா நிலவில் இறக்கிய ஊர்திக்கு அந்த முயலின் பெயரைத்தான் வைத்தார்கள்.

யாரும் இல்லாதவர்களுக்கு

ஏப்ரல் 4 அல்லது 5இல், நம் சித்திரைக்குப் பத்து நாள் முன்னால், ‘ச்சிங்மிங்’. கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, கூட்டித் துடைத்து, சாப்பாடு வைத்து, காகிதப் பணம் எரித்து வருவார்கள். பெயரும் இடமும் தெரிந்த இறந்தவர்களுக்கான நாள் அது.

ஏழாம் மாதம் வேறு. அந்த மாதத்தில் மறுவுலகின் கதவு திறந்து ஆவிகள் அலையும். பூரணையன்று, பெரும்பாலான வருடங்களில் நம் நிக்கினிப் போயாவில், அவர்களுக்குச் சோறு வைக்கிறார்கள். பசித்த பேயாகக் கிடந்த தன் தாயை மொக்கல்லானத் தேரர் சங்கத்துக்குத் தானம் கொடுத்து மீட்ட பௌத்தக் கதையும் இந்த நாளோடு சேர்ந்திருக்கிறது. ஆனால் வீட்டுப் படையலுக்கு வெளியே, தெருவோரத்தில் ஒரு படையல் தனியாக இருக்கும். அது பிள்ளை இல்லாமல் போனவர்களுக்கு, தண்ணீரில் போனவர்களுக்கு, அந்நிய ஊரில் செத்தவர்களுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட யாருமே இல்லாதவர்களுக்கு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த மாதம் தெருவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடத்துவார்கள். முன்வரிசை நாற்காலிகள் காலி. உட்கார்ந்துவிடாதீர்கள், அவை அவர்களுக்கு.

மாத்தளைக்கு அந்தக் காலி நாற்காலிகள் புரியும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே அநுராதபுரம், தம்புள்ளை, நாலந்தை என்று கால்நடையாக வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் இந்த ஊர்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். விழுந்த இடத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள், நடக்கத்தான் வேண்டியிருந்தது. கூட்டித் துடைக்கக் கல்லறை இல்லை, சொல்வதற்குப் பெயர் இல்லை. அந்த மக்கள் வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்த ‘மலையகம் 200’ஐ ஒட்டி 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், அதே வழியில் வந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. ஆடி மாதம். வந்து சேராதவர்களுக்காகவும் சேர்த்து நடந்தார்கள்.

வரும் நிக்கினிப் போயாவுக்குத் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாலந்தை தாண்டும்போது கைப்பேசியைக் கொஞ்சம் பைக்குள் வைத்துவிட்டு வீதியோரத்தைப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும், சாப்பாட்டுக்கு உட்காருமுன், ஒரு பிடி சோற்றை இலையில் எடுத்து வாசலுக்கு வெளியே வையுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.